ஒரு விரல் இடம்

எங்கள் தெருவில் அந்தத் தையல்காரரை எல்லாரும் லூசு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளுக்கு மூளையில் ஒரு குறையும் கிடையாது, லூசு அவர் தைக்கிற துணியில் இருந்தது. மார்புக்கு ஒரு விரல், கழுத்துக்கு ஒரு விரல், இடுப்புக்கு ஒரு விரல் என்று இடம் விட்டுத்தான் கத்தரியையே எடுப்பார். "டைட்டா வேணும் மாஸ்டர்" என்று எவனாவது கேட்டுவிட்டால் போச்சு. "சாப்பிட்டதுக்கு அப்புறம் என்ன பண்ணுவ? மூச்ச வீட்டுலயே வச்சிட்டு வருவியா?" என்று ஆரம்பித்துவிடுவார். தைத்து முடித்ததும் சட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் தன் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் தடையில்லாமல் போய்வந்தால்தான் அவருக்குத் திருப்தி.

அவர் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. பூட்டு ரிப்பேர், சாவி வெட்டுதல். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். என் தொழிலில் மயிரிழை இடம் விட்டாலும் கதவு திறக்காது, அவர் தொழிலில் விடாவிட்டால் பட்டன் தெறிக்கும். இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டே நாங்கள் இருவரும் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வாயடித்துக்கொண்டிருப்போம்.

மாஸ்டரின் மனைவி வங்கியில் காவலாளி. அவள் அப்பாவும் அதே வங்கி வாசலில்தான் ஆயுசு முழுக்க நின்றார். அவர் போனபிறகு வேலையும் அவளுக்கு வந்தது, அவருடைய ரிவால்வரும் லைசென்ஸ் மாற்றி அவள் பேருக்கு வந்தது. வீட்டில் இரும்பு பீரோவின் அடித்தட்டில் ஒரு பழைய துண்டில் சுற்றியபடி இருக்கும். குண்டுகள் வேறு பெட்டியில், வேறு பூட்டில். இரண்டு பூட்டும் நான் போட்டவை. அவள் மாமியார் அந்த பீரோவைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவார். துப்பாக்கி என்று வாயால் சொல்லமாட்டார். "அது" என்பார். மருமகள் வேலை முடிந்து வந்து பீரோவைப் பூட்டியதும், "அது படுத்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பை மூட்டுவார்.

பீரோவுக்குப் பூட்டு மாற்றப் போனபோது நான் அதை முதல்முறையாகப் பார்த்தேன். வேலையிலிருந்து அப்போதுதான் வந்த மாஸ்டரின் மனைவி குண்டுகளைக் கழற்றி, குண்டு போடும் ஒவ்வோர் அறையிலும் விரல் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தாள். நானும் இரும்போடுதான் வாழ்கிறேன், ஆனால் இப்படி ஓர் இரும்பை நான் கண்டதில்லை. நடுவிலிருக்கும் உருளையை அவள் கட்டைவிரலால் திருப்பினாள். ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராக வந்து 'டிக்' என்று நின்றது. எவனோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து அரம் போட்டு இழைத்திருக்கிறான், அவனைக் கும்பிடலாம் என்று தோன்றியது. அந்தக் கையளவு பொருள் ஓர் உயிரை எடுக்கும் என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அப்பாவின் துப்பாக்கித் தோலுறை அவளுக்கு உதவவில்லை. அவர் வலதுகைக்காரர், இவள் இடதுகை. போதாததற்கு அந்தத் தோல் பழசாகித் தொளதொளத்துப் போயிருந்தது. "எதுக்கு வெளிய அலையணும்? உன் சட்ட, பேன்ட் எல்லாம் நான்தான தைக்கறேன். இதையும் நானே தைச்சிடறேன்" என்றார் மாஸ்டர். நல்ல தோலாகப் பார்த்து வாங்கினார். துப்பாக்கியைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். கோட்டைச் சுற்றி, வழக்கம்போல, ஒரு விரல் இடம் விட்டார். விசையில் விரல் வசதியாகப் போகட்டும் என்று அந்த இடத்தில் அரைவட்டமாக வெட்டிவிட்டார். உள்ளே முரடாக இருக்கிறதே என்று சாட்டின் துணியில் லைனிங்கும் வைத்தார். ஓரத்தில் இரட்டைத் தையல். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அடுத்த வியாழக்கிழமை மதியமே அவள் திரும்பி வந்துவிட்டாள். மழை பிடித்திருந்தது. தொப்பியில் தண்ணீர் சொட்ட, நேராகக் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாஸ்டர் மெஷினை நிறுத்தினார்.

"என்னம்மா, இந்நேரத்துல?"

"கீழ விழுந்துடுச்சுங்க."

"ஐயையோ, யாரு?" என்று கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து ஓடிவந்தார் மாமியார்.

"அது, அத்தை."

மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். நானும் அரத்தை வைத்துவிட்டுப் பலகைத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

"ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியக் கீழ போட்டுட்டாரு. பாவமேன்னு குனிஞ்சு எடுத்தேன். அவ்வளவுதான். வழுக்கிக்கிட்டு வந்து தரையில விழுந்து, ஒரு சுத்து சுத்தி, கவுன்டரப் பாத்து நின்னுச்சு. ஹால்ல இருந்த அத்தன பேரும் உறைஞ்சு போயிட்டாங்க. ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

"வெடிக்கல, இல்ல?" என்றார் மாஸ்டர்.

"வெடிக்கல. குண்டைத் தட்டற சுத்தியலுக்கு நேரா இருக்கற அறைய எப்பவும் காலியா விடணும்னு அப்பா சொல்லுவாரு. பழைய துப்பாக்கி, விழுந்தா சுத்தியல்ல அடி பட்டு வெடிச்சிடும்பாரு. அவர் சொன்னாரேன்னுதான் விட்டுட்டு இருந்தேன். எதுக்குன்னு இன்னிக்குதான் புரிஞ்சுது." அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "மேனேஜர் திட்டல. அதான் பயமா இருக்கு. திங்கட்கிழம ஒழுங்கான உறையோட வாங்க, இல்லன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்னு சொன்னாரு."

மாஸ்டர் அவள் இடுப்பிலிருந்து உறையைக் கழற்றினார். துப்பாக்கிக்கும் தோலுக்கும் நடுவில் ஆள்காட்டி விரலை விட்டார். தடையில்லாமல் போனது, வந்தது. எந்தச் சட்டைக்கும் இப்படிப் போய்வந்தால் சிரிப்பவர், இப்போது விரலை வெளியே எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"என்னத் திட்டிடும்மா" என்றார்.

"திட்டினா டைட்டாயிடுமா?" என்றாள் அவள்.

மாமியார்தான் அவளுக்கும் சேர்த்துத் திட்டினார். "தலகாணிக்கு உறை தைக்கறவன்கிட்டப் போயி அதுக்கு உறை தைக்கச் சொன்னா வேற எப்படி இருக்கும்? அது என்ன, படுத்துத் தூங்கப் போகுதா?"

வெள்ளிக்கிழமை ஒரு ரெடிமேட் உறை வாங்கி வந்தார்கள். கறுப்பு நைலான். எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று கடைக்காரன் சத்தியம் பண்ணியிருக்கிறான். "எல்லாத்துக்கும் பொருந்தும்னா எதுக்கும் ஒழுங்காப் பொருந்தாதுன்னு அர்த்தம். ஃப்ரீ சைஸ் எனக்குத் தெரியாதா?" என்று மாஸ்டர் முணுமுணுத்தார். இந்த ஒரு விஷயத்தில் அவர் கணக்கு தப்பவில்லை. ஒட்டுப்பட்டையைப் பிரித்தபோது எழுந்த 'பர்ர்' சத்தத்தில் மாமியார் கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டார். துப்பாக்கியை உருவியதும் உறையின் வாய் சப்பென்று ஒட்டிக்கொண்டது. திரும்ப வைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"ஒரு கையால கதவப் புடிச்சுட்டு இருக்கறப்போ நான் எப்படி இதத் திரும்ப வைப்பேன்? வாயால புடிச்சுக்கட்டுமா?" என்றாள். அதையும் கழற்றி வைத்தாயிற்று. இன்னும் சனியும் ஞாயிறும்தான் இருந்தன.

அப்போதுதான் எனக்குப் பெல்ட் அக்கா ஞாபகம் வந்தது. அவள் கடைப் பூட்டும் என் கைவேலைதான். பெல்ட், நாய்ப் பட்டை, குதிரைக்குக் கடிவாளம், மின்கம்பம் ஏறுகிறவர்களுக்குக் கருவிப் பை என்று தோலில் எதைக் கேட்டாலும் செய்வாள். ஆள் வாட்டசாட்டம், பேச்சு அதைவிட. சனிக்கிழமை மதியம் மாஸ்டர், அவர் மனைவி, நான் மூவரும் குடையைப் பிடித்துக்கொண்டு போனோம். துப்பாக்கி காலியாக அவள் கைப்பையில் இருந்தது, கூடவே லைசென்ஸ் தாளும். குண்டுகள் வீட்டில் பூட்டில் இருந்தன.

பெல்ட் அக்கா முதலில் மாஸ்டர் தைத்த உறையை வாங்கினாள். உள்ளே பார்த்தாள். சாட்டினைத் தொட்டாள். சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"மாஸ்டர், இது துப்பாக்கியா, புது மாப்பிள்ளையா? மெத்த போட்டு வச்சிருக்கீங்களே!"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. தையலைத் திருப்பிப் பார்த்து, "தையல்ல குத்தமில்ல. என்னால இப்படித் தைக்க முடியாது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. சட்டைன்னா, போட்டிருக்கறதே மறந்து போகணும். இது அப்படி இல்ல. இடுப்புல இது இருக்குங்கறது ஒரு நிமிஷம்கூட மறக்கக் கூடாது" என்றாள்.

பிறகு காவலாளியைப் பார்த்துத் திரும்பினாள். "எந்தக் கை, தங்கச்சி?"

"இடது."

"நாள் பூரா நிப்பியா, உக்காருவியா?"

"ரெண்டும்தான் அக்கா."

"நாற்காலிக்குக் கை வச்சிருக்கா?"

"இருக்கு. எந்திரிக்கறப்போ உறை அதுல மாட்டும்."

"குனி பாப்போம். உக்காரு. எந்திரி. அந்த ஏணில ரெண்டு படி ஏறு. இப்போ ஓடு."

"கடைக்குள்ளயா?"

"திருடன் வந்தா மைதானத்துக்கா கூப்பிடுவான்? ஓடு!"

அவள் தோல் சுருள்களுக்கு நடுவில் ஓடிக் காட்டினாள். அத்தனை கவலையிலும் எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெல்ட் அக்கா இரண்டு மாதிரிகளை எடுத்துப் போட்டாள். ஒன்று மேலே மூடி வைத்தது. "இது பத்திரம். மழ உள்ள போகாது. ஆனா மூடியத் தூக்கி, பிடியத் தேடி எடுக்கறதுக்குள்ள வந்தவன் போயிடுவான். காட்டுல சுத்தறவங்களுக்கு ஆகும்." இன்னொன்று மேலே திறந்து, குறுக்கே ஒரு சின்னப் பட்டையும் பட்டனும் வைத்தது. "இது கட்டவிரல் பட்டா பட்டன் தெறிச்சுக்கும். ஆனா பட்டனை நம்பி மட்டும் நான் தரமாட்டேன். பட்டன் இல்லாமலே நிக்கணும். விசை மொத்தமும் தோலுக்குள்ள மறைஞ்சிருக்கணும், விரல் நுழையவே கூடாது. வெளிய எடுத்த அப்புறம்தான் விரலுக்கு அங்க வேல. வாய் விறைப்பா நிக்கணும், பாக்காமலே திரும்ப வைக்கணும்."

"ரெண்டாவதே செய்ங்க அக்கா" என்றாள் காவலாளி.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. பெல்ட் அக்கா தோலை வெட்டினாள், ஓரம் தைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் உறையை முக்கி எடுத்தாள். காவலாளி மறுபடி ஒருமுறை அறைகளைத் திறந்து காலி என்று காட்டினாள். துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றினார்கள். குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் சின்ன முள் உருவும்போது தோலில் சிக்காமல் இருக்க, அதன்மேல் ஒரு மரக்குச்சியை நீளமாக வைத்துக் கட்டினாள். ஈரத்தோலுக்குள் மெல்ல மெல்ல இறக்கினாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள்.

இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திக்கொண்டே போனாள். மாட்டெலும்பில் இழைத்த ஒரு வழவழப்பான குச்சியால் வரம்பு பிடித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை, ஈரத்தோல் பொட்டலம் மாதிரிதான் இருந்தது. பிறகு உருளையின் புடைப்பு எழுந்தது. விசையைச் சுற்றிய வளையம் தெரிந்தது. குழலின் விளிம்பு தெரிந்தது. உள்ளே இருப்பது வெளியே வந்து தோலின்மேல் படுத்துக்கொண்டதுபோல இருந்தது. மாஸ்டர் வாயைத் திறந்தபடி நின்றார். நான் சாவிக்கு மெழுகில் அச்சு எடுப்பவன், எனக்கு இது புதிதில்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை, கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

"ஒரு நூல்கூட விடலயே" என்றார் மாஸ்டர்.

"விட்டா இது உறை இல்ல, பை" என்றாள் பெல்ட் அக்கா.

துப்பாக்கியை உருவி எடுத்த பிறகும் தோல் அந்த வடிவத்திலேயே நின்றது. துப்பாக்கியைத் திரும்ப அதில் இறக்கி, காவலாளியின் இடுப்பில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே ஒரு சிக்கல். உறையின் அடி இடுப்பில் முட்டி வெளியே தள்ளியது, துப்பாக்கியின் பிடி விலாவில் போய்க் குத்தியது. பெல்ட் அக்கா மேலே ஏற்றினாள், கீழே இறக்கினாள், தலையைச் சொறிந்தாள்.

"ஆம்பளைங்களுக்கே செஞ்சு பழகிட்டேன். இங்க எப்படி உக்கார வைக்கறதுன்னு பிடிபடல."

மாஸ்டர் அதுவரை ஓரமாக நின்றிருந்தவர், முன்னால் வந்தார். கழுத்தில் டேப் தொங்கியது, அதைத் தொடவில்லை.

"அங்க நேராத் தொங்காது. அவளுக்கு மேலுடம்பு குட்ட, இடுப்பு சட்டுனு விரியும். இடது பக்கம் வலதவிடக் கொஞ்சம் எறங்கியிருக்கும். எல்லா பேன்ட்லயும் அங்க நான் ஒரு மடிப்பு புடிச்சுதான் விடறேன். உறைய இன்னும் நாலு விரல் கீழ எறக்கி, பெல்ட்டுக்கும் உறைக்கும் நடுவுல ஒரு ஆப்பு மாதிரி தோல் வைங்க. மேல மெலிசு, கீழ தடிசு இல்ல, மாத்தி வைங்க. மேல தடிசு. அப்போ பிடி விலாவ விட்டு விலகும்."

காவலாளி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இடது பக்கம் எறங்கியிருக்கா? எனக்கே தெரியாதே."

"உனக்கு எதுக்குத் தெரியணும்? தைக்கறவன் நானு" என்றார். ஆனால் அவர் காது சிவந்துவிட்டது.

பெல்ட் அக்கா தோலையும் ஊசியையும் அவரிடம் நீட்டினாள். ஆப்பையும் உறையை மாட்டும் புது பெல்ட்டையும் அவரே வெட்டி அவரே தைத்தார். பெல்ட் அக்கா பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். இடையில் ஒருமுறை மட்டும், "மாஸ்டர், என் இடுப்பப் பாக்காதீங்க, அதுல எவ்வளவு எறங்கியிருக்குன்னு சொல்லிடப் போறீங்க" என்றாள்.

இனி காயவேண்டும். அனலில் காட்டக்கூடாது, வெடித்துவிடும் என்று சொல்லி அனுப்பினாள். வெளியே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டுப் பார்த்தால் இன்னும் சில்லென்று இருந்தது. மாஸ்டர் வெட்டுமேஜையைத் துடைத்து, ஃபேனுக்கு நேர் கீழே உறையை வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வந்த வாடிக்கையாளர்களை, "நாளைக்கு வாங்க, இன்னிக்கு இங்க ஒண்ணு காயுது" என்று திருப்பி அனுப்பினார். ஒருமுறை அவர் பார்வை இஸ்திரிப் பெட்டிமேல் போனதைப் பலகை இடுக்கு வழியாக நான் பார்த்தேன்.

"மாஸ்டர்!" என்று கத்தினேன்.

"தொடலண்ணே! பாத்தேன், அவ்வளவுதான். பாக்கறதும் தப்பா?"

மாமியார் ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார். மாஸ்டர் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் உறையைத் திருப்பித் திருப்பி வைத்தார். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தோல் காய்ந்து, தட்டினால் பலகைபோலச் சத்தம் கொடுத்தது. காவலாளி துப்பாக்கியைக் கொண்டுவந்தாள். காலி என்று எங்களுக்குக் காட்டினாள். உறைக்குள் இறக்கினாள். 'டக்' என்று ஒரு சத்தம், பூட்டு விழுவதுபோல. பூட்டுக்காரன் நான் சொல்கிறேன், நல்ல பூட்டு மட்டும்தான் அப்படி விழும்.

பட்டனைப் போடாமலே உறையைத் தலைகீழாகப் பிடித்தாள். மாஸ்டர் அவசரமாகத் தலையணையைக் கீழே போட்டு, அதற்குமேல் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு மண்டிபோட்டார். அவள் உதறினாள். விழவில்லை. இன்னும் பலமாக உதறினாள். அசையவே இல்லை. கட்டவில்லை, ஒட்டவில்லை, காய்ந்த தோல் அந்த இரும்பை நினைவு வைத்துக்கொண்டு பிடித்திருந்தது, அவ்வளவுதான். பிறகு அவள் இடுப்பில் மாட்டி, இடதுகையை வைத்தாள். ஒரே இழுப்பில் வெளியே வந்தது. உறையைப் பார்க்காமலே திரும்ப வைத்தாள். 'டக்.'

எத்தனையோ வருஷமாக பீரோவைச் சுற்றிக்கொண்டு போன மாமியார் கிட்டே வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னொரு வாட்டி தலகீழாப் புடி" என்றார்.

திங்கட்கிழமை நானும் மாஸ்டரும் கடையைத் திறக்கவில்லை. வங்கிக்கு எதிரே ஒரு கடைத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கியவர்கள்போல நின்றோம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவள் நின்றாள். மேனேஜர் வந்தார். அவளிடம் ஏதோ பேசினார், இடுப்பைக் காட்டிக் கேட்டார். பிறகு தன் சாவிக்கொத்தை வேண்டுமென்றே கீழே போட்டார். மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்த பிடி இன்றைக்கும் வலிக்கிறது.

அவள் குனிந்தாள். சாவிக்கொத்தை எடுத்தாள். நிமிர்ந்தாள். துப்பாக்கி இருந்த இடத்தில் இருந்தது. மேனேஜர் சாவியை வாங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவள் கதவைத் திறந்து முதல் வாடிக்கையாளரை உள்ளே விட்டாள்.

"ஒண்ணும் நடக்கலண்ணே" என்றார் மாஸ்டர்.

"நடக்கல மாஸ்டர்" என்றேன். ஒன்றும் நடக்காததைப் பார்த்து இரண்டு ஆண்கள் தெருவோரத் தாழ்வாரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

சாயங்காலம் அவள் வந்ததும் மாஸ்டர் எழுந்து போய், வழக்கம்போல ஆள்காட்டி விரலை நீட்டினார். துப்பாக்கிக்கும் உறைக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. நகம்கூட நுழையவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

"நாள் பூரா இடுப்புல இருக்கறது தெரிஞ்சுதா?"

"ஒரு நிமிஷம்கூட மறக்கல. ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்." அவள் தன் இடுப்பைத் தொட்டாள். "இந்த பெல்ட் மட்டும் எங்கயுமே அழுத்தலயே, ஏன்? அப்பாவோடதையும் போட்டிருக்கேன், ரெடிமேடும் போட்டுப் பாத்தேன். மதியத்துக்கு மேல மூச்சு முட்டும். இன்னிக்கு முட்டவே இல்ல."

மாஸ்டர் பெல்ட்டுக்கும் அவள் இடுப்புக்கும் நடுவில் விரலை வைத்தார். தடையில்லாமல் போனது, வந்தது.

"துப்பாக்கிக்குதான் எடம் விடக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றார். "உனக்கு விடக் கூடாதுன்னு யாரும் சொல்லலயே."